பெக்கோக்கில் கேட்ட சமையல்

பெக்கோக் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: "சாஆ தெரியுமா? அங்கிருந்து இன்னும் உள்ளே." சாஆ எங்கே என்றால் லாபிஸ் பக்கம். லாபிஸ் எங்கே என்றால் சிகாமட் மாவட்டம். அதற்குள் கேட்டவர் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போயிருப்பார். வானொலி நிலையத்தில் என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவன் மட்டும் விடாமல், "அந்த ஊர்ல அப்படி என்னக்கா இருக்கு?" என்று கேட்டான். எங்கள் பெரியம்மா இருக்கிறார் என்றேன்.

ஊரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பெரியம்மா கோபித்துக்கொள்வார். 1909இல் கெமாஸ் முதல் ஜொகூர் பாரு வரை போட்டு முடித்த ரயில் பாதையில், லாபிஸுக்கும் பாலோவுக்கும் நடுவில் வரும் நிறுத்தம் இது. அதே பாதையில் இப்போது இரட்டைத் தண்டவாளத்தில் மின்சார ரயில் ஓடுகிறது. கடைத்தெருவை மெதுவாக நடந்தாலும் சீக்கிரம் முடித்துவிடலாம். எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் செலாய் பகுதிக்குப் போகிறவர்களுக்கு இதுதான் வாசல். சுங்கை பந்தாங் நீர்வீழ்ச்சியில் குளிக்கப் போகும் குடும்பங்களும் இந்த வழியாகத்தான் போகும். காட்டோரக் கிராமங்களிலிருந்து ஜக்கூன் பூர்வகுடி மக்கள் சாமான் வாங்க வருவார்கள். மற்றபடி செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள். சாஆவிலிருந்து வரும்போது அப்படியொரு லாரி உங்களுக்கு முன்னால் மாட்டிக்கொண்டால் பொறுமையாகப் பின்னாலேயே வாருங்கள். நானும் அப்படித்தான் வருகிறேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு அந்தச் சாலையில் நான் போனது தூதுக்காக.

பெரியம்மாவுக்கு 73 வயது. கித்தா தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி, தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு லயத்தை விட்டு ஊருக்குள் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தவர். பெரியப்பா இறந்து ஆறு ஆண்டாகிறது. ஒரே மகன், என் அண்ணன், ஜொகூர் பாருவில் அடுக்குமாடியில் இருக்கிறார். விடியுமுன்னே கிளம்பிப் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர். பெரியம்மாவுக்குக் கண் அழுத்த நோய். ஓரப் பார்வை முதலில் போகும், போனது திரும்பாது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. இப்போது அவருக்கு நேர் எதிரே மட்டும் கொஞ்சம் தெரிகிறது, அதுவும் புகை படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல.

"தனியா கேஸ் அடுப்போட நிக்கிறாங்க. ராத்திரி எனக்குத் தூக்கமே வரல" என்றார் அண்ணன். "நீ ரேடியோவுல பேசுனா ஊரே கேக்குது. எங்கம்மாவ ஒரு தடவ கேக்க வை. ஞாயித்துக்கிழமை நான் வந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

சரி என்றுதான் சொன்னேன். எனக்கும் பயம் இருந்தது.

போய்ச் சேர்ந்தபோது இரவு மணி ஒன்பதே முக்கால். முன் விளக்கு மட்டும் எரிந்தது. குசினி கும்மிருட்டு. உள்ளே யாரோ வெங்காயம் வெட்டுகிறார்கள்: டக், டக், டக், நடுவில் ஒரு நொடி நிறுத்தம், மறுபடி டக், டக். நான் தடவிப் போய் விளக்கைப் போட்டேன்.

"யாரு கரண்ட் காசு கட்டுறது?" என்றார் பெரியம்மா, திரும்பாமலே. பிறகு, "செருப்பக் கழட்டுற சத்தத்துலயே தெரிஞ்சிருச்சு நீதான்னு. உங்கம்மா மாதிரியே ஒன்ன கழட்டி வீசிட்டு ஒன்ன மெதுவா வைக்கிற."

எனக்காக மீன் டின் குழம்பு தயாராகிக்கொண்டிருந்தது. தோட்டத்துச் சமையல் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். சம்பளம் கையில் தங்காத கடைசி வாரங்களிலும், திடீரென்று விருந்தாளி வந்த இரவுகளிலும் மானத்தைக் காப்பாற்றியது தக்காளிச் சாற்றில் ஊறிய அந்தச் சார்டின்தான். எங்கள் வீட்டில் அது 'கோழி மார்க்'. அந்தக் கோழிக்கு ஒரு கதை உண்டு. 1892இல் அல்ஃபிரட் க்ளூவே என்ற பிரெஞ்சுக்காரர் சிங்கப்பூரில் தொடங்கிய கம்பெனி அது. முதலாளி பெயரை உச்சரிக்க யாருக்கும் வாய் வரவில்லை. டின்னில் இருந்த சேவலைப் பார்த்து மக்கள் 'சாப் ஆயாம்' என்று கேட்டு வாங்கப் போய், கடைசியில் கம்பெனியே அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது. பிரெஞ்சுக்காரருக்கு மலாயில் பெயர் வைத்தவர்கள் நம்மைப் போன்ற வாடிக்கையாளர்கள்தான்.

"வெளக்க அணைச்சுட்டு ஒக்காரு. கூசுது" என்றார். அணைத்தேன். அடுப்பின் நீல வளையம் மட்டும் தெரிந்தது.

நான் பன்னிரண்டு ஆண்டாக ஒலியோடு வேலை செய்கிறவள். ஐந்து வினாடி மௌனம் விழுந்தால் பதறிப் போகிற தொழில். ஆனால் கடுகு வெடிப்பதைக் கடைசியாக எப்போது முழுதாகக் கேட்டேன் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் புகைபோக்கி விசிறி ஓடும், கைப்பேசியில் ஏதாவது ஓடும். அன்று இருட்டில் கேட்டேன். முதலில் ஒன்று, தயங்கி இரண்டு, பிறகு ஓட்டுக் கூரையில் மழை பிடித்தது போல ஒரேயடியாக. கடுகுக்குள் இருக்கும் கொஞ்சம் ஈரம் ஆவியாகித் தோலைக் கிழித்துக்கொண்டு வருவதுதான் அந்தச் சத்தம். மழை ஓயத் தொடங்கிக் கடைசி இரண்டு மூன்று துளி மிச்சமிருக்கும்போது பெரியம்மா கறிவேப்பிலையைப் போட்டார். படபடவென்று அது தனியாகக் கத்தியது. அடுத்து வெங்காயம் விழுந்ததும் சத்தம் தாழ்ந்து நீளமான 'ஸ்ஸ்ஸ்' ஆனது.

"இப்ப தண்ணி விடுது. தண்ணி வத்துனதும் சத்தம் மறுபடி மேல ஏறும் பாரு. அப்பத்தான் மசாலா தூள் போடணும்."

ஏறியது. போட்டார்.

இரவு பதினொன்றுக்குச் சுடுசோற்றில் அந்தக் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டபோது தூதைப் பற்றிப் பேசலாமா என்று யோசித்தேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

காலையில் முதல் வேலையாக அலமாரியில் இருந்த சதுர பிஸ்கட் டின்னைத் திறந்தேன். பத்து பகாட்டில் 1958இல் தொடங்கிய ஹப் செங் கம்பெனியின் டின். நம் வீடுகளில் அந்த மாதிரி டின்னுக்குள் பிஸ்கட் இருந்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? முறுக்கு இருக்கும், அல்லது ஊசியும் நூலும் இருக்கும். பெரியம்மா வீட்டில் எந்த மாதத்தில் போனாலும் முறுக்குத்தான். அன்று திறந்தால் உள்ளே பிஸ்கட்டே இருந்தது! சிரித்துக்கொண்டே, "என்ன பெரியம்மா, பிஸ்கட் டின்ல பிஸ்கட் வச்சிருக்கீங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. தோசை மாவைக் கலக்கிக்கொண்டிருந்தார். நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

தோசைக்கல் காய்ந்ததா என்று பார்க்க எல்லோரும் தண்ணீர் தெளிப்போம். பெரியம்மா காதைச் சாய்த்துக்கொண்டு தெளித்தார். மெதுவாக முணுமுணுத்தால் இன்னும் காயவில்லை. 'சுர்ர்' என்று இரைந்து உடனே அடங்கினால் மாவு ஊற்றலாம். சத்தமே போடாமல் துளி உருண்டு ஓடினால் கல் அளவுக்கு மேல் காய்ந்துவிட்டது, மாவு ஒட்டாமல் சுருண்டு வரும். சூடு அதிகமானால் சத்தம் குறைவது எப்படி என்று எனக்குப் புரியவில்லை, பிறகு தேடிப் படித்தேன். கல் மிக அதிகமாகச் சூடாகும்போது துளியின் அடிப்பக்கம் நொடியில் ஆவியாகி ஒரு மெத்தை போல ஆகிவிடுகிறது. துளி அந்த மெத்தைமேல் மிதக்கிறது, கல்லைத் தொடுவதில்லை, அதனால் இரைச்சலும் இல்லை. லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் 1756இல் இதை எழுதி வைத்துப் பெயர் வாங்கிக்கொண்டார். நம் பாட்டிகள் எழுதி வைக்கவில்லை.

தோசைக்குப் பிறகு கடைத்தெரு. பெரியம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் வழி சொன்னது அவர்தான். கோப்பிக்கடையில் சேறு படிந்த நான்கு சக்கர வண்டிக்காரர்கள் கோழி முட்டையை அரைவேக்காட்டில் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஓர் ஓரத்தில் மலாய் மக்சிக் ஒருவர் பாக்குக் கீரையைக் கட்டுக் கட்டாகப் பரப்பியிருந்தார். தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்கள் இதைப் பார்த்து முழிப்பார்கள். பெரணிச் செடியின் சுருண்ட கொழுந்து, ஓடைக்கரையிலும் தோட்டத்துச் சாக்கடை ஓரத்திலும் தானாக வளர்வது. கப்பலேறி வந்த நம் ஆட்கள் முருங்கையும் அகத்தியும் வளர்வதற்குள் பசிக்கு எதைப் பறித்தார்கள் என்று யோசித்தால் இந்தக் கீரைதான் எனக்கு நினைவுக்கு வரும். மலாய்க்காரர்களிடமும் பூர்வகுடி மக்களிடமும் பார்த்துக் கற்றுக்கொண்டிருப்பார்கள். பார்த்துக் கற்றுக்கொண்டு, பருப்பும் தேங்காயும் போட்டுத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள்.

பெரியம்மா ஒரு தண்டை எடுத்துக் காதோரம் ஒடித்தார். படக். அடுத்ததை ஒடித்தார், நசுங்கிய மாதிரி ஒரு சத்தம். "இந்தோ சூடா துவா" என்று மக்சிக்கிடம் முற்றலைத் திருப்பிக் கொடுத்தார். அவர் சிரித்துக்கொண்டே வேறு கட்டு எடுத்தார். இருவருக்கும் இது பழைய விளையாட்டு போல. பக்கத்தில் பெத்தாய் தொங்கியது, நீளமாய், முறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு விதையும் புடைத்துத் தெரிய. "ரெண்டு சரம் வாங்கு. உங்கண்ணனுக்கு உசுரு" என்றார். பெத்தாயின் வாசம் என்பது வாசல் வரை வந்து வரவேற்கும் ரகம், மறுநாள் கழிவறை வரை வந்து வழியனுப்பும் ரகம். அண்ணியின் அடுக்குமாடியில் அதற்குத் தடை.

மதியம் பாக்குக் கீரை இரண்டாம் பாலில் வெந்து, இறக்கும்போது முதல் பால் சேர்ந்தது. பாலூற்றிய பிறகு கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். குமிழ் ஒன்றிரண்டு 'ப்ளக்' என்று சொல்லும்போதே அடுப்பை நிறுத்த வேண்டும். பெரியம்மா அந்த முதல் 'ப்ளக்'கிலேயே கை வைத்துவிட்டார். நான் குழம்புக்கரண்டியோடு குனிந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும், ஆனாலும் இரண்டு குமிழ் பிந்திவிட்டேன்.

சோறு மின்சாரக் குக்கரில். அது 'டக்' என்று சொன்னதும் பெரியம்மா, "பத்து நிமிஷம் தொறக்காத" என்றார். அந்த 'டக்'குக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறாள் என்று அவருக்குச் சொன்னேன். தானாக அணையும் மின்சார சோற்றுக் குக்கரை ஜப்பானில் தோஷிபா கம்பெனி 1955இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கித் தந்த மினாமி என்ற சிறு தொழிற்கூடக்காரர் சோறு வடிப்பது பற்றி ஒன்றும் அறியாதவர். அவர் மனைவி ஃபுமிகோதான் விதவிதமான அடுப்பிலும் பருவத்திலும் நாள் தவறாமல் சோறாக்கி, எத்தனை நிமிடத்தில் எவ்வளவு சூடு என்று குறித்துக் கொடுத்தவர். பானையில் தண்ணீர் இருக்கும்வரை சூடு நூறு பாகைக்கு மேல் போகாது. தண்ணீர் வற்றியதும் ஏறும். அந்த ஏற்றத்தைப் பிடித்துத்தான் குக்கர் அணைகிறது.

பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "அந்தம்மா எத்தன நாளு தீஞ்ச சோத்தத் தின்னுருப்பா" என்றார்.

சாப்பிட்ட பிறகு அவருடைய உலகத்தை எனக்குச் சுற்றிக் காட்டினார். உப்புப் போத்தலுக்கு ஒரு ரப்பர் வளையம், சீனிக்கு இரண்டு, மைலோ டின்னில் மிளகாய்த்தூள், சீரகத்துக்கும் சோம்புக்கும் வளையம் தேவையில்லை, மூக்கு போதும். கத்தியின் பிடி எப்போதும் சுவரைப் பார்த்து. கைக்கு எட்டாத இடத்தில் எதுவும் கிடையாது. 2023 மார்ச்சில் இந்தப் பக்கமெல்லாம் வெள்ளம் வந்தபோது அண்ணன் உதவிக்கு ஆள் அனுப்பி வீட்டைக் கழுவி அடுக்க வைத்தாராம். "எல்லாத்தையும் அழகா மாத்தி வச்சுட்டுப் போயிட்டாங்க. ஒரு வாரம் நான் என் வீட்டுலயே தொலஞ்சு போயிட்டேன்."

இதுதான் சமயம் என்று நினைத்தேன். அண்ணன் வீட்டைப் பற்றிப் பேச்செடுத்தேன். பாதுகாப்பு, பேரப்பிள்ளைகள், தீயே இல்லாத அடுப்பு.

"இருந்து பாத்தேன்லா ஒரு மாசம்" என்றார். "அந்த அடுப்பு எதுக்கெடுத்தாலும் பீப்புங்குது. பத்த வச்சாலும் பீப்பு, அணைச்சாலும் பீப்பு. கீரை வெந்தாலும் தீஞ்சாலும் அதுக்கு ஒண்ணும் தெரியல. பதினாலாவது மாடி. ஜன்னலத் தொறந்தா வெறும் காத்து. கோழி கூவல, ரயிலு போகல. மணி என்னன்னே தெரியாது பாப்பா."

பிறகு என் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "இருட்டு எனக்குப் புதுசா? காலைல நாலரைக்கு எந்திரிச்சு, பெரட்டுல பேரு குடுத்துட்டு, விடியறதுக்குள்ள மரத்துக்கிட்ட நிக்கணும். வெயிலு ஏறுனா பாலு வராது. தலையில ஒரு வெளக்கு, அது காட்டுறது கையளவு பட்டை. பட்டைய மட்டும் சீவணும். கத்தி உள்ள மரத்துல பட்டுச்சுன்னா சத்தம் மாறும், கைக்கும் தெரியும். மரத்துக்குக் காயம், மண்டோர்கிட்ட ஏச்சு. நான் முப்பது வருசத்துல எத்தன மரத்துக்குக் காயம் வச்சேன்னு கேளு."

நான் கேட்கவில்லை. எனக்கு வேறு ஒன்று கண்ணில் பட்டது. அவ்வளவு புழுக்கத்திலும் பெரியம்மா கைலிக்கு மேலே பெரியப்பாவின் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். தோட்டத்துப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். கை கழுவ எழுந்தவர் மறந்துபோய் வலது கையை மடித்துவிட்டார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கி, வெளுத்து, மெழுகு உருகி ஓடிய மாதிரி.

"எப்போ?"

சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார். "தீபாவளிக்கு முறுக்கு சுட்டப்ப."

அந்தத் தீபாவளிக்குச் சேலை வேண்டாம், நீளக் கை வைத்த பஞ்சாபி சூட் வேண்டும் என்று அவர் அண்ணனிடம் கேட்டதும், 73 வயதில் அம்மாவுக்கு மாடர்ன் ஆசை என்று குடும்பமே கேலி செய்ததும், நானும் அதை நிகழ்ச்சியில் பெயர் சொல்லாமல் ஒரு நகைச்சுவையாகச் சொன்னதும் நினைவுக்கு வந்தது.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"நீ சொன்னாத்தான் தெரியும்."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. வெளியே ரயில் போனது. பிறகு அவரே சொன்னார்: "எல்லாம் பேசும் பாப்பா. கடுகு பேசும், வெங்காயம் பேசும், கல்லு பேசும். எண்ணெ மட்டும் பேசாது. எவ்வளவு காஞ்சாலும் சும்மா நிக்கும். நாமளா உள்ள எதையாவது போட்டாத்தான் கத்தும்."

நேற்று இரவிலிருந்து நான் ரசித்துக்கொண்டிருந்த ஒவ்வொரு சத்தத்துக்கும் அடியில் அந்தச் சத்தமில்லாத எண்ணெய் இருந்திருக்கிறது. பிஸ்கட் டின்னில் பிஸ்கட் இருந்ததற்கும் அதுதான் காரணம்.

மாலையில் மரவள்ளிக்கிழங்கு வேகவைத்தார். தொட்டுக்கொள்ள சிலி பாடி, வெங்காயம், உப்பு நசுக்கியது. எங்கள் பாட்டி இந்தக் கிழங்கைத் தொடவே மாட்டாராம். ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 45 வரை, அரிசி கண்ணில் படாமல் தோட்டமே இதைத் தின்று உயிர் பிழைத்தது. வாழைமரம் அச்சடித்த நோட்டை மூட்டையாகக் கொண்டு போனாலும் ஒன்றும் கிடைக்காது. சயாமுக்கு ரயில் பாதை போட ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனது வேறு கதை. போரெல்லாம் முடிந்து பிறந்த பெரியம்மாவுக்கோ இந்தக் கிழங்கு என்றால் கொள்ளை ஆசை. பாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்ள, இவர் பக்கத்து வீட்டில் போய்த் தின்பாராம். "ஒருத்தருக்குக் கஷ்ட காலத்துச் சாப்பாடு, இன்னொருத்தருக்குப் பலகாரம். நாக்குக்கு என்ன தெரியும்?"

பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றினார். ஊற்ற ஊற்றச் சத்தம் மேலே மேலே ஏறும், கழுத்துக்கு வந்ததும் கீச்சென்று ஆகும், அங்கே நிறுத்தினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. நீங்களும் இன்று கண்ணை மூடிக்கொண்டு முயன்று பாருங்கள், குளிர்ந்த தண்ணீரில் மட்டும்.

அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை. சொன்னால் அண்ணன் ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டார், மறுநாளே மூட்டை கட்டிவிடுவார். சொல்லாமல் கோலாலம்பூர் திரும்பினால் அடுத்த முறை தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் என் வயிறு கலங்கும். பெரியம்மாவின் பெருமையைக் காப்பாற்றுவதா, அவர் கையைக் காப்பாற்றுவதா? ரசிப்பதற்கு வந்துபோகிறவளுக்கு இந்தக் குசினி இனிமையானது. இரண்டாம் நாள் கிளம்பிவிடுகிறவள் அதைப் பற்றி எதையும் பேசலாம்.

ஞாயிறு காலை, காப்பித் தம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, "நான் அண்ணன்கிட்ட சொல்லத்தான் போறேன் பெரியம்மா" என்றேன்.

ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் வானொலியைப் போட்டு ஒலியைக் கூட்டினார். அதுதான் அவருடைய கோபம். என் இடத்தில் அன்று வேறொரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் அவளைத்தான் கேட்டார். நான் குசினியில் இருந்ததையெல்லாம் கழுவி, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில், கத்தியின் பிடி சுவரைப் பார்க்க, திருப்பி வைத்தேன்.

பிறகு வந்து முக்காலியில் உட்கார்ந்து பெத்தாய் உரிக்கத் தொடங்கினார். தோல் 'சரக்' என்று கிழிந்து, விதை மங்கில் விழும்போது 'டொக்'. நான் எப்போதும் பையில் வைத்திருக்கும் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து மேசையில் வைத்தேன். அவருக்குத் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை.

பத்து விதை விழுந்த பிறகு, "சொல்லு" என்றார். "ஆனா முறுக்கு சுடுறத விட்டுட்டேன்னும் சேத்துச் சொல்லு. எண்ணெச் சட்டியப் பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டிகிட்டக் குடுத்துட்டேன். அதையும் சொல்லு. அவ வாழப்பழம் பொரிச்சு எனக்குக் குடுக்குறா."

"ராத்திரி கேஸ் தோங்கை?"

"அடைச்சுட்டுத்தான் படுக்கிறேன்."

"ஆன்ட்டி வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போனா?"

சரக். டொக். "வந்தா கதவத் தொறக்கறேன்."

"அண்ணன் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வரணும்னு சொல்லட்டுமா?"

"அவனுக்கு எங்க நேரம்?"

"சொல்லட்டுமா?"

பதில் வரவில்லை. இன்னும் மூன்று விதை விழுந்தது.

பதினொரு மணிக்கு அண்ணன் அழைத்தார். கிளம்பத் தயாராகிவிட்டாராம். வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், கையைப் பற்றி முதலில் சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "அந்தப் பஞ்சாபி சூட்" என்றார். மேலே பேச முடியவில்லை.

"சனிக்கிழமை சனிக்கிழமை வருவீங்களா?" என்றேன். "சுவரெல்லாம் ஒண்ணும் மாத்தாம, தானா அணையற கேஸ் அடுப்பு ஒண்ணு தேடணும். மத்ததப் பேசலாம். ஆனா இன்னைக்குக் கூட்டிட்டுப் போக வராதீங்க."

"அவங்க என்ன பண்றாங்க இப்போ?"

பதிவை அனுப்பினேன். ஒன்றரை நிமிடம்தான். கேட்டுவிட்டு மறுபடி அழைத்தார். குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"பெத்தாயா உரிக்கிறாங்க?"

"ஆமா."

"நெத்திலி போட்டு சம்பலா?"

"அப்படித்தான் தெரியுது."

"எனக்கு எடுத்து வைக்கச் சொல்லு" என்றார். "அண்ணிகிட்ட சொல்லாத."